சுத்தமான அடிப்பாகம் வேண்டும் கருவி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் கரையேற்றிய விசைப்படகுகளின் அடியில் அப்போதுதான் வேலை சூடு பிடிக்கிறது. ஏராமரத்தை ஒட்டிக் குந்தியும் மல்லாந்தும் நாலைந்து பேர் உளியும் சுரண்டியுமாக, ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடலுயிரான கொட்டலசைப் பெயர்க்கிறார்கள். செம்பு கலந்த பழைய பெயிண்டின் செந்தூள் கண்ணிலும் மூக்கிலும் இறங்குகிறது. தலைத்துண்டை முகத்தில் சுற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

"ஓடுற போட்டுல அவ்ளோ புடிக்காது சார். கட்டிப்போட்டாத்தான் வந்து குந்தும்" என்றார் மூத்த தொழிலாளி. சுரண்டிய இடத்தைக் காட்டினார்: ஓடு வந்துவிட்டது, வெள்ளை வட்டமாய் அடித்தட்டு மட்டும் மரத்தோடு இருந்தது. "இத எடுக்காம பெயிண்ட் அடிச்சா, பெயிண்டே உரிஞ்சிடும்." எடுக்காமல் கடலுக்குப் போனால் படகு இழுக்கும், டீசல் கூடும்.

கொட்டலசின் குஞ்சு நீரில் மிதந்து வளர்ந்து, கடைசிப் பருவத்தில் இரை எடுப்பதையே நிறுத்திவிடும். அரை மில்லிமீட்டர் அளவில், உணர்கொம்புகளால் பரப்பின் மேல் நடந்து இடம் பார்க்கும். பிடித்துப்போனால் தலைப்பக்கத்தை ஊன்றிப் பசையைச் சுரக்கும். அதன் பிறகு உளிதான் வழி.

அந்த இடம் பார்க்கும் நேரத்தைக் குறிவைப்பதுதான் மீயொலிக் கருவி. படகின் உட்பக்கம் ஒட்டிய அதிர்வி, காதுக்கு எட்டாத ஒலியால் அடித்தகட்டையே அதிரவைக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 23, 63, 102 கிலோஹெர்ட்ஸ் ஒலிகளை இந்தக் குஞ்சுகள் மீது சோதித்தபோது, 23 கிலோஹெர்ட்ஸ்தான் ஒட்டுவதை அதிகம் தடுத்தது. நஞ்சு தண்ணீரில் கலக்காது என்பது இதன் கவர்ச்சி. கொட்டலசு ஒட்டாமலிருக்க அடித்த, வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சுகள் சிப்பிகளையும் நத்தைகளையும் சிதைத்ததால், 2008இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம் அவற்றைக் கப்பல்களில் தடை செய்தது. இன்றைய செம்புப் பூச்சும் கடலுக்குத் தீங்கற்றதல்ல.

இதையெல்லாம் சொன்னபோது பெரியவர் உளியின் பிடியால் மரப்படகைத் தட்டினார், மொத்தென்று அடங்கியது. பக்கத்து இரும்புப் படகைத் தட்டினார், கணீரென்று நீண்டது. "இதுல ஓடும், அதுல ஓடாது, அப்டித்தானே?" அப்படியேதான். இரும்பு, அலுமினியம், கெட்டி ஃபைபர் ஆகியவை அதிர்வைக் கடத்தும். மரம் அதை விழுங்கிவிடும்.

இரும்புப் படகுக்காரர் கேட்டது வேறு: "இன்ஜின் நின்னா கரண்டு எங்க இருந்து வரும்?" கட்டிப்போட்ட நாட்களில்தான் கருவி இரவும் பகலும் ஓட வேண்டும், அந்த நாட்களில்தான் பேட்டரி ஏறாது. கரையிலிருந்து மின்சாரம் வராமல், காசிமேட்டு நெரிசலில் இது நடக்காது.

ஏற்கெனவே ஒட்டிக் கெட்டித்ததை மீயொலி உதிர்ப்பதும் இல்லை. சுத்தமான அடிப்பாகத்தில்தான் அதன் வேலை தொடங்கும். ஆக, கருவி வந்தாலும் முதல் நாள் வேலை சுரண்டிக்காரருடையது. மரப்படகு உள்ளவரை கடைசி நாள் வேலையும் அவருடையதே. புதுக் கருவிக்குப் பணம் ஒதுக்கும் திட்டம் எதுவானாலும், அதன் முதல் செலவு இந்த நாலைந்து பேருக்கான கண்ணாடியும் தூசிக்கவசமுமாக இருக்கட்டும். அதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை.