கொதி, குத்து, கூச்சம்

லீவுக்குச் சிலாபம் வந்து நான்கு நாள். குருநாகல் பஸ்ஸில் சுமந்துவந்த பல் மருத்துவப் புத்தகங்கள் இன்னும் பைக்குள்ளேயே. வருகிற சொந்தமெல்லாம் வாயைத் திறந்து காட்டுகிறது. நான் இன்னும் டொக்டர் இல்லை என்றால் யார் கேட்கிறார்கள்!

*

உடப்பு மாமிக்கு "குத்துது". பேராதனையில் யாழ்ப்பாணத்து அறைத்தோழி "பல்லுக்கொதி" என்பாள். குளிர்தண்ணீர் பட்டு உடனே அடங்கினால் கூச்சம். இரவில் படுத்ததும் தானாகத் தொடங்கி விடியவிடிய நின்றால், பெரும்பாலும் சூத்தை நரம்புவரை போயிருக்கும். மாமியைக் குறுக்கிடாமல் பேசவிட்டேன். எந்தப் பல் என்பதைத் தவிர எல்லாமே கிடைத்துவிட்டது.

*

மீன் சந்தையில் விலையை ஒரு மொழியிலும் ஏச்சை இன்னொரு மொழியிலும் சொல்கிற ஊர் இது. வலி எதில் வருமோ? "நோகுதா", "ரிதெனவாத", இரண்டையும் கேட்டுவைப்பது நல்லது.

*

விறைப்பு ஊசி. குத்துவதைவிட, மருந்தை வேகமாகத் தள்ளுவதுதான் நோகும். நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் என்பது பாடம், 1.8 மில்லிலீற்றர் குப்பிக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். மனதுக்குள் எண்ணினால்தான் கை அவசரப்படாமல் இருக்கிறது.

*

பிள்ளைகளுக்கு: சொல், காட்டு, பிறகு செய். பல் மருத்துவர் அடெல்ஸ்டன் 1959இல் எழுதிவைத்த முறை. பக்கத்து வீட்டுச் சின்னவனிடம் பல் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தேன். முதலில் என் பல்லைத்தான் எண்ணினான்.

*

சித்தப்பா. நேராக நிறுத்திய மூன்று விரல் போகவேண்டிய வாயில் இரண்டுதான் போகிறது. கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, தொட்டால் நார் நாராக. வெற்றிலை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் சொல்கிறது. இலங்கை ஆண்களிடம் முன்னிலையில் நிற்பதும் வாய்ப் புற்றுநோய்தான். இதையெல்லாம் அவருக்கு ஒப்புவிக்க நாக்கு துடித்தது. "ஏன் போடுறீங்க" என்றால் அந்த வாய் இன்னும் இறுகும். "எப்பெப்ப போடுறீங்க சித்தப்பா?" என்றேன்.

"ராக்கடலில நித்திரை வராமலிருக்க, மகள்." கொஞ்சம் பொறுத்து அவராகவே சொன்னார்: "இப்ப கறி உறைப்பு முந்தி மாதிரித் தாங்குதில்ல. எரியுது."

வெற்றிலை வாயை இறுக்கும் நோய்க்கு அதுதான் நான் தேடிய அறிகுறி. கேள்விப் பட்டியலில் அதுவரை நான் வந்தே இருக்கவில்லை.

*

நாளைக் காலை நானும் சித்தப்பாவும் ஆஸ்பத்திரிக்கு. வள்ளத்துக்கு வேறு ஆள் சொல்லியாயிற்று. வெற்றிலைப் பையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார், நான் கேட்கவில்லை.