ஒரு ராத்திரித் தூக்கம்... என்ன விலை பாஸ்?

பௌர்ணமி ராத்திரி ஒரு மணிக்கு ரமணாசிரமம் கேட் முன்னாடி நின்னு செங்கம் ரோட்டைப் பார்த்திருக்கீங்களா? ஊரே பாய் விரிச்சிருக்கும்! மூடின கடைப் படிக்கட்டு, டிவைடர் ஓரம், மரத்தடி மேடை... எங்கெல்லாம் ஆறடி சமதளம் இருக்கோ, அங்கெல்லாம் ஒரு மனுஷன். ஆந்திராவிலிருந்து பஸ் பிடிச்சு வந்த பாட்டி, முந்தானையைத் தலைக்கு வெச்சுத் தூங்கிட்டிருப்பாங்க. பக்கத்துலயே ஐ.டி. கம்பெனி டேக் கழுத்துல தொங்க ஒரு அண்ணன் ஷூவைத் தலையணையாக்கிட்டு குறட்டை. அவங்க தலைக்கு நேர் மேலே மாடியில ஒரு போர்டு: 'ரூம்ஸ் அவைலபிள், ஏ.சி., 24 மணி நேரமும் வெந்நீர்'.

கீழே படுத்தா ஃப்ரீ. மேலே படுத்தா ஆயிரங்கள். நடுவுல இருக்கிறது பதினைஞ்சு படி. அந்தப் படிக்கு என்ன விலைங்கிறதுதான் மேட்டர்.

இந்த விலை நம்ம ஊர் கண்டுபிடிப்பு இல்லை. வெளிநாட்டு மியூசிக் ஃபெஸ்டிவல்களில் இதுக்கு 'க்ளாம்பிங்'னு பேரு. கிளாமரும் கேம்பிங்கும் சேர்ந்த கலப்புத் திருமணம். பாட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா எக்ஸ்ட்ரா காசு கொடுத்தா கட்டில், மெத்தை, தனி பாத்ரூம், போன் சார்ஜ் போட பிளக் பாயின்ட் எல்லாம் வெச்ச கூடாரம். கொடுக்காட்டி, சொந்த டென்ட்டைத் தோள்ல சுமந்துட்டுப் போய் சேத்துல நட்டுக்கணும்.

ஆரம்பத்துல அப்படி இல்லை. 1969 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல நடந்த உட்ஸ்டாக் விழாவுக்கு முன்பதிவு டிக்கெட் 18 டாலர். ஆனா வேலி போட்டு முடிக்கிறதுக்குள்ளயே கூட்டம் உள்ளே புகுந்துடுச்சு. வேற வழியில்லாம 'எல்லாருக்கும் ஃப்ரீ'னு அறிவிச்சாங்க. நாலு லட்சம் பேருக்கு மேல மழையில, சேத்துல, ஒரே போர்வைக்குள்ள நாலு பேரா கிடந்தாங்க. அந்த விழாவைத் தொடங்கி வெச்சுப் பேசினவர் யார் தெரியுமா? நம்ம கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல பிறந்த சுவாமி சச்சிதானந்தா! அவர் ரிஷிகேஷுக்குப் போறதுக்கு முன்னாடி ரமணரிடமும் சில காலம் இருந்தவர். ஆக, உட்ஸ்டாக் மேடைக்கும் செங்கம் ரோட்டுக்கும் ஒரு பழைய பஸ் ரூட் இருக்கு. காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

அடுத்த வருஷம், 1970-ல், இங்கிலாந்துல மைக்கேல் ஈவிஸ்ங்கிற விவசாயி தன் பால் பண்ணையில ஆரம்பிச்சதுதான் கிளாஸ்டன்பரி. டிக்கெட் 1 பவுண்டு. அதுல பண்ணைப் பாலும் இலவசம். (உட்ஸ்டாக் நடந்ததும் ஒரு பால் பண்ணையிலதான். மாட்டுக்கும் ராக் மியூசிக்குக்கும் என்ன கனெக்ஷனோ!) இன்னிக்கு அதே கிளாஸ்டன்பரியைச் சுத்தி, டிக்கெட்டைவிடப் பல மடங்கு விலையில சொகுசுக் கூடாரங்கள் நிக்குது. உச்சக்கட்ட காமெடி 2017-ல் பஹாமாஸ் தீவுல நடக்கவிருந்த ஃபயர் ஃபெஸ்டிவல். 'சொகுசு வில்லா, செஃப் சமையல்'னு சொல்லி பல்லாயிரம் டாலர் வரைக்கும் வசூல் பண்ணாங்க. போய் இறங்கினா, புயல் நிவாரணத்துக்குப் பயன்படுத்துற டென்ட்டும் மழையில ஊறின மெத்தையும்! சாப்பாடு? பிரெட்டுக்கு நடுவுல சீஸ். நடத்தினவருக்கு 2018-ல் ஆறு வருஷ ஜெயில் தண்டனை.

நம்ம நாட்டுலயும் வந்தாச்சு. அருணாசலப் பிரதேசத்துல 2012-லிருந்து நடக்கிற ஸீரோ விழாவுல டென்ட் வாடகைக்குக் கிடைக்கும். 2025-ல் பிரயாக்ராஜ் மகா கும்பமேளாவுல ஒரு மாசம் முழுக்க தரையில படுத்து, ஒருவேளை சாப்பிட்டு விரதம் இருக்கிற கல்பவாசிகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு ராத்திரிக்கு லட்ச ரூபாய் வரைக்கும் போன கூடாரங்கள். குளிச்சது ரெண்டு பேரும் ஒரே தண்ணியிலதான்.

அப்போ திருவண்ணாமலை? இங்கே பாட்டுக் கச்சேரி மேடை கிடையாது. ஆனா ராத்திரி முழுக்கத் திறந்தவெளியில லட்சக்கணக்கான பேர் கூடுறதுல, நம்ம கார்த்திகை தீபத்துக்குப் பக்கத்துல எந்த ராக் ஷோவும் நிக்க முடியாது. பத்து நாள் விழா. ஏழாம் நாள் தேர். பத்தாம் நாள் விடியறதுக்கு முன்னாடி பரணி தீபம், சாயங்காலம் ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலை உச்சியில மகாதீபம். அது பாட்டுக்கு 11 நாள் எரியும். கூடவே மாட்டுச் சந்தை வேற. கோயிலுக்குள்ள நின்னு பார்க்க சமீப வருஷங்கள்ல 500, 600 ரூபாய்க் கட்டணச் சீட்டுகளை ஆன்லைன்ல விடுறாங்க. நிமிஷத்துல காலி! ஆனா தீபத்தோட அழகே, அதை மறைக்க எவனாலயும் வேலி போட முடியாதுங்கிறதுதான். சீட்டு இல்லாதவனுக்கும் ரமணாசிரமம் பக்கத்து மொட்டைமாடியிலிருந்து அதே ஜோதி தெரியும்.

காசு கணக்கு பார்க்கிறது ஜோதி தெரிஞ்சதுக்கு அப்புறம்தான். 'எங்கே படுக்கிறது?'

காலேஜ் கேங்கா ஒரு பௌர்ணமிக்குப் போனோம். ஆறு பேர்; ரெண்டு பேர் பொண்ணுங்க. சாதாரண நாள்ல 1,000 ரூபாய்க்குக் கிடைக்கிற ரூமுக்கு ஒரு லாட்ஜ்ல 3,500 சொன்னாங்க. 'எக்ஸ்ட்ரா பெட் ஒண்ணுக்கு 300 தனி'ன்னாங்க. அந்த எக்ஸ்ட்ரா பெட் என்னன்னு பார்த்தா, கோரைப்பாய்! அதே பாய், கீழே ரோட்டுல இருந்தா இனாம். 'மச்சி, பாய்க்கு 20 ரூபாய், மாடிக்கு 280 ரூபாய்டா'ன்னு ஒருத்தன் பில் பிரிச்சுக் காட்டினான்.

நம்ம பசங்க கட்சி ரொம்ப சிம்பிள்: 'கிரிவலம் வர்றதே 14 கிலோமீட்டர் வெறுங்கால்ல நடக்கத்தான். இதுல ஏ.சி. ரூமா? எட்டு லிங்கத்தையும் கும்பிட்டுட்டு ரோட்டோரம் கட்டையைச் சாய்ப்போம்.' கேட்க ஜோராத்தான் இருந்துச்சு. உடனே அந்த ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்தி கேட்டா: 'நீங்க கட்டையைச் சாய்ப்பீங்க. நாங்க?'

கப்சிப்!

யோசிச்சுப் பாருங்க. ராத்திரி மூணு மணிக்கு அவங்களுக்கு வேண்டியது மெத்தையோ ஏ.சி.யோ இல்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற ஒரு கதவு. தண்ணி வர்ற ஒரு பாத்ரூம். பசங்க 'சொகுசு'ன்னு கிண்டல் பண்ற லிஸ்ட்ல பாதி, பொண்ணுங்களுக்கு அத்தியாவசியம். ரோட்டோரம் படுக்கிறது எளிமைன்னு நாம பெருமை பேசலாம். யாருக்கு அது எளிது? வயசானவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க, மாசத்துல அந்த மூணு நாள்ல வந்து மாட்டிக்கிட்ட பொண்ணு... இவங்களுக்கு அந்தப் பதினைஞ்சு படி ஆடம்பரம் இல்லை. அந்தப் படிக்கு 3,500 வாங்குறவங்களுக்கும் இது நல்லாவே தெரியும். அதனாலதான் அந்த ரேட்! கட்டணக் கழிப்பிட வாசல்ல விடியற்காலையில பெண்கள் க்யூவோட நீளத்தைப் பார்த்துட்டு வந்து அப்புறம் எளிமை பத்திப் பேசலாம். (ஆறு பேரும் ரூம் போட்டோம். தலைக்கு எழுநூறு சொச்சம் ஆச்சு. தூங்கினது ரெண்டு மணி நேரம்.)

சரி, இதே ஊருக்குக் காசே இல்லாம வந்த ஒரு பதினாறு வயசுப் பையன் கதை தெரியுமா? மதுரையில ஸ்கூல் படிச்சிட்டிருந்த வேங்கடராமன். அண்ணன் காலேஜ் ஃபீஸ் கட்டச் சொல்லிக் கொடுத்த 5 ரூபாயில 3 ரூபாயை எடுத்துக்கிட்டு, மீதி 2 ரூபாயையும் 'உன் ஃபீஸ் இன்னும் கட்டலை'ங்கிற தகவலோட ஒரு சீட்டையும் வெச்சுட்டுக் கிளம்பினார். (நம்மில் யாராவது மீதி 2 ரூபாயை வெச்சுட்டுப் போயிருப்போமா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க!) திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. விழுப்புரத்துல இறங்கி ஒரு ஹோட்டல்ல சாப்பிட்டார். கையில மொத்தமே ரெண்டரை அணாதான்னு கேட்ட ஹோட்டல்காரர் காசு வாங்கலை. மிச்சத்துக்கு மாம்பழப்பட்டு வரைக்கும் ரயில், அப்புறம் நடை, ராத்திரி கோயில்ல. திருக்கோவிலூர் கீழூர்ல காதுக் கடுக்கனை அடகு வெச்சு 4 ரூபாய் வாங்கி, மறுநாள் காலை, 1896 செப்டம்பர் 1, திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். மிச்சமிருந்த சுமார் மூன்றரை ரூபாயை அய்யங்குளத்துல விட்டெறிஞ்சுட்டார். அந்தப் பையன்தான் ரமணர்.

தங்கினது எங்கே? ஆயிரங்கால் மண்டபத்துல, அப்புறம் அதுக்குள்ளேயே பாதாள லிங்கக் குகையில. பூச்சி, எறும்பு கடிச்சுத் தொடையெல்லாம் புண்ணு. பிறகு மலைமேல விரூபாட்ச குகை, 1916-லிருந்து ஸ்கந்தாசிரமம், 1922-ல் அம்மா சமாதிக்கு அப்புறம் இப்போ ஆசிரமம் இருக்கிற மலையடிவாரம். 1924 ஜூன்ல அங்கே திருடங்க புகுந்து ரமணரையே அடிச்சாங்க. அவங்களுக்குக் கிடைச்சது சொற்பம். திருட வந்தவன்தான் பாவம்!

இந்த வரலாறு இருக்கிறதாலயோ என்னவோ, ஆசிரமத்துல தங்க ரூமுக்கு ரேட் கார்டு கிடையாது. முன்கூட்டியே எழுதிக் கேட்கணும், இடம் இருந்தா கொடுப்பாங்க, பொதுவா மூணு நாள் வரைக்கும். காசா? விருப்பம் இருந்தா நன்கொடை. பகல் பதினொன்றரைக்குச் சாப்பாடு. கலெக்டரானாலும் கண்டக்டரானாலும் தரையில உட்கார்ந்து இலையில. அதுக்கு முன்னாடியே வாசல்ல சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் அன்னம் போட்டிருப்பாங்க.

கேட்க சொர்க்கம் மாதிரி இருக்கில்ல? ஒரு சின்னச் சிக்கல். தீபத்துக்கும் ஜயந்திக்கும் இடம் ரொம்ப முன்னாடியே நிரம்பிடும். காசுக்குப் பதிலா இங்கே செலவாகிறது முன்யோசனை. இமெயில் போடத் தெரிஞ்சவனுக்கு, லீவு தேதியை ரெண்டு மாசம் முன்னாடியே சொல்ல முடியுறவனுக்கு ரூம். சம்பளம் வந்த அன்னிக்கு 'அண்ணாமலையாரே'ன்னு பஸ் ஏறுற ஆந்திரா பாட்டிக்குப் பிளாட்பாரம்தான். இலவசத்துலயும் ஒரு க்யூ இருக்கு பாஸ். ஆனாலும் விலையை ஏத்தி க்யூவைக் குறைக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்ங்கிறது என் கட்சி. பணக்காரன்ங்கிறதுக்காக யாரும் முன்னாடி போக முடியாது.

இந்த ஏரியாவுல வருஷம் பூரா விலை ஏறிட்டே இருக்கிற இன்னொண்ணும் உண்டு: மண்ணு! குளிர்காலம் ஆனா வெளிநாட்டுக்காரங்க மாசக்கணக்குல வீடு எடுத்துத் தங்குவாங்க. 'சீசன் ரேட்' கொடுக்க ஆள் இருக்கும்போது, உள்ளூர் ஆட்டோ டிரைவருக்கு யார் வாடகைக்கு விடுவா? இடம் கிடைக்காத குடும்பங்கள் எங்கே போகும்? மலை ஓரம் ஏறிக்கிட்டே போகும். 2024 டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில மலையடிவார வ.உ.சி. நகர்ல மண் சரிஞ்சு, பாறை உருண்டு, ஏழு பேர் செத்துப்போனாங்க. அதுல அஞ்சு பேர் சின்னப் பசங்க. அந்த வருஷம் டிசம்பர் 13-ந் தேதி தீபத்துக்கு பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. ஜோதி மட்டும் வழக்கம்போல எரிஞ்சுது. சுத்துப்பட்டு ஊர்லிருந்து வந்து பார்த்துட்டுத் திரும்பின நமக்கு ஒரு ராத்திரிதான் பிரச்னை. அவங்களுக்கு எல்லா ராத்திரியும் அங்கேதான்.

போகப் போறவங்களுக்குச் சில விஷயம். கடற்கரை - வேலூர் கன்டோன்மென்ட் ரயிலை 2024 மே மாசம் திருவண்ணாமலை வரைக்கும் நீட்டினப்போ டிக்கெட் 50 ரூபாய். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி நடுராத்திரி கொண்டு விடுற மாதிரியும், விடியற்காலை நாலு மணிக்குத் திரும்புற மாதிரியும் டைம் வெச்சாங்க. நாலு மணி நேரத்துல 14 கிலோமீட்டரைச் சுத்தி ஸ்டேஷனுக்கு ஓடிவர முடிஞ்சா, நீங்க ரூம் போடவே வேண்டாம். ஒலிம்பிக்ல பேர் கொடுங்க! முடியாதவங்க பௌர்ணமியை விட்டுட்டுச் சாதா வாரநாள்ல வாங்க. ரூம் வாடகை மனுஷங்க ரேட்டுக்கு இறங்கியிருக்கும். ரமணர் வருஷக்கணக்கா இருந்த பழைய ஹால்ல காலை நீட்டாம உட்கார இடமும் இருக்கும். பின்பக்கம் ஸ்கந்தாசிரமம் போற கல்பாதையில மயில் கத்தும். மறக்காம ஒரு போர்வை, ஒரு பூட்டு, ஒரு டார்ச். கேங்ல பொண்ணுங்க இருந்தா, எங்கே தங்கறதுன்னு முதல்ல அவங்களைக் கேட்டுட்டு டிக்கெட் போடுங்க.

விடியற்காலை அஞ்சு மணிக்கு அந்தப் பாட்டி எழுந்து, படுத்த அட்டையை மடிச்சு ஓரமா வெச்சாங்க. துப்புரவுத் தொழிலாளர்கள் விளக்குமாத்தோட வந்துட்டாங்க. எதிர் டீக்கடையில முதல் பால் பொங்கிச்சு. மாடியிலிருந்து கண்ணைக் கசக்கிட்டு இறங்கி வந்த எங்களுக்கும், கீழே இருந்து எழுந்து வந்த பாட்டிக்கும் டீ ஒரே ரேட்தான்.