டெக் டிக்கெட்

விழுப்புரத்துக்காரனுக்கு ரயிலைப் பற்றி யாரும் பாடம் நடத்த முடியாது. ஜங்ஷன் ஊரில் பிறந்தவனுக்கு அது ஜாதக விசேஷம். திண்டிவனத்துக்காரனுக்கு பஸ். சென்னையிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் எது நிற்கும், எது நிற்காமல் தூசியை மட்டும் நம் மேல் இறைத்துவிட்டுப் போகும் என்று தூரத்தில் வரும்போதே சொல்லிவிடுவான். ஆனால் இந்த இரண்டு ஊர்களிலும் சில வீடுகள் இருக்கின்றன. அங்கே ரயிலையும் பஸ்ஸையும் ஒரு பொருட்டாக யாரும் பேசுவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைத் தட்டு வந்ததும் கப்பல் பேச்சு ஆரம்பமாகிவிடும். எங்கள் வீடு அந்த ரகம்.

கடல் கண்ணில் படாத ஊரில் கப்பல் பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். கண்ணில்தான் படவில்லையே தவிர, கடல் தூரத்திலும் இல்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மரக்காணத்து உப்பளங்கள் வந்துவிடும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் போட்டுவிட்டார்கள். எழும்பூரில் புறப்பட்டுத் தனுஷ்கோடிக்குப் போன போட் மெயில் விழுப்புரத்தில் நின்றுதான் போயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, இலங்கைக்குக் கப்பலேறப் போகிறவர்கள் எங்கள் ஊர் பிளாட்பாரத்தில்தான் காபி குடித்தார்கள். இதற்கெல்லாம் மேலாக மலாய் நாடு இருந்தது. பினாங்கிலும் கிள்ளானிலும் கடை, கணக்கு வேலை, ரப்பர்த் தோட்டம் என்று யாராவது ஒருவர் போகாத தெரு எங்கள் பக்கத்தில் குறைவு.

எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. திண்டிவனத்துப் பெரியப்பா ராஜுலா கட்சி. விழுப்புரத்து மாமா சிதம்பரம் கட்சி. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் இருவரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் போதும்.

"சிதம்பரம்னு ஒரு கப்பலா? அது ஆஸ்பத்திரி வார்டு, மாப்ளே. நம்பர் போட்ட கட்டில்லே படு, மணி அடிச்சா எழுந்திரு!"

"உங்க ராஜுலா என்ன அண்ணே, ஆட்டுச் சந்தை! பாயை விரிச்சவனுக்குப் பத்தடி, பயந்தவனுக்குப் படிக்கட்டு!"

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்காக 1926-ல் கட்டிய கப்பல் ராஜுலா. எடை எட்டாயிரத்துச் சொச்சம் டன். அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி கொடுத்திருந்தார்களாம். இன்றைக்கு நினைத்தால் திண்டிவனத்தில் பாதியைத் தூக்கி ஒரு தட்டில் வைத்ததுபோல் இருக்கிறது. பிற்காலத்தில் அந்தக் கணக்கைக் குறைத்தார்கள். அதோடு கூட ஓடிய ரோனா என்ற கப்பல் இரண்டாம் உலகப் போரில் துருப்புகளை ஏற்றிப் போனபோது, 1943 நவம்பரில், மத்தியதரைக் கடலில் ஜெர்மானியரின் குண்டுக்கு இரையாகி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. ராஜுலா பிழைத்து வந்து, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று மறுபடியும் தன் வேலையைப் பார்த்தது. 1973-ல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. பெயர் ஒட்டவில்லை. சீக்கிரமே உடைத்துவிட்டார்கள்.

சிதம்பரத்தின் கதை வேறு. பிரெஞ்சுக்காரர்கள் 1966-ல் தென் அமெரிக்காவுக்கு விடுவதற்காகக் கட்டி 'பாஸ்தேர்' என்று பெயர் வைத்த கப்பல் அது. அதை ஓட்டிய மெஸாஜெரி மாரிதீம் கம்பெனியின் கப்பல்கள்தான் ஒரு காலத்தில் புதுச்சேரிக்காரர்களைச் சைகோனுக்குக் கொண்டுபோயின. 1972-ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கியது. ராஜுலாவைப்போல இரண்டு மடங்கு பெரியது. டெக்கில் பாய் விரிக்கும் வழக்கம் போய், அடுக்குக் கட்டில்கள் வந்தன. ஆளுக்கு ஓர் எண், ஓர் இடம். சண்டை இல்லை. அந்த நிம்மதிதான் மாமாவின் கட்சிக்கு ஆதாரம். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். பயணிகள் கப்பல் போக்குவரத்து அதோடு முடிந்தது. மாமா அதற்கு முந்திய வருஷம்தான் கடைசியாக அதில் வந்திருந்தார். விவாதம் எவ்வளவு சூடாகப் போனாலும் பெரியப்பா அந்தத் தீயை மட்டும் ஒரு நாளும் வாதத்துக்கு எடுத்ததில்லை. அந்த நாகரிகம் இரண்டு கட்சிக்கும் இருந்தது.

பெரியப்பாவிடம் ஒரு சாஸ்திரமே உண்டு. விழுப்புரத்திலிருந்து சென்னையும் நாகப்பட்டினமும் ஏறக்குறைய ஒரே தூரம். ஆனால் விவரம் தெரிந்தவன் சென்னையில்தான் ஏறுவான். அங்கே கப்பல் துறைமுகத்தில் கட்டி நிற்கும், நடந்து ஏறலாம். நாகையிலோ கப்பல் கடலுக்குள்ளே நங்கூரம் போட்டிருக்கும். படகில் போய், அலை தூக்குகிற சமயம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் இடம். சென்னையில் ஏறியவர்கள் டெக்கில் காற்று வரும் பக்கத்தில், மேலே கித்தான் இருக்கிற இடமாகப் பார்த்துப் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியைச் சுவர்போல் வைத்துவிடுவார்கள். நாகைக்காரர்கள் வந்து சேரும்போது மிச்சமிருப்பது எஞ்சின் பக்கத்துக் கீழ்த்தட்டு; புழுக்கம், எண்ணெய் நாற்றம். "பெட்டிதான் பட்டா. யார் வந்து கெஞ்சினாலும் பெட்டியை நகர்த்தாதே" என்பது பெரியப்பாவின் முதல் சூத்திரம்.

இந்தக் கட்சிகளில் சேராமல் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அப்பாவின் அக்கா, என் அத்தை. 1961-ல் பதினெட்டு வயதில் பினாங்கில் இருந்த புருஷனிடம் போனவர். துணைக்குப் போனவர் பெரியப்பா. கப்பல் ராஜுலா, டிக்கெட் டெக். ஆண்கள் வாதாடும்போது அத்தை பாக்கை வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டதில்லை.

என் கப்பல் அனுபவம் வேறு வகை. என் மைத்துனருக்கு அந்தமானில் வேலை. அதனால் நான்கு முறை சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல் வழியாகப் போயிருக்கிறேன். 2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று நாள் பிரயாணம். கையில் காசு இல்லாத காலத்தில் பங்க், பிறகு இரண்டாம் வகுப்பு, நாவலுக்கு ஒரு பரிசு வந்த வருஷம் முதல் வகுப்பு என்று படிப்படியாக உயர்ந்தேன். முதல் வகுப்பில் ஜன்னல் உண்டு, கடல் தெரியும், தட்டில் மூடி வைத்துச் சாப்பாடு வரும். ஆனால் மூன்று நாளும் நான் பேசியது பரிசாரகர் ஒருவரிடம்தான். பங்கில் போன முறை மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. கப்பலின் பெயர் வேண்டாம். மேல் தட்டில் குழாய் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ராஞ்சியிலிருந்து கூலி வேலைக்குப் போகிறவர்கள், ஆந்திரத்து மீனவர்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து திரும்பும் தமிழ்ப் பெண் ஒருத்தி. யாரோ ஒருவர் பக்கெட்டுடன் மாடிப்படி ஏறினார். பின்னாலேயே வரிசை உண்டாயிற்று. கைக்குழந்தைக்காரிக்கு முதல் பக்கெட் என்று எந்தப் பாஷையில் தீர்மானித்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. தீர்மானம் மட்டும் எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

பிறகு சொகுசுக் கப்பல் வந்தது. 2022 ஜூன் 4-ஆம் தேதி முதல்வர் கொடியசைத்துச் சென்னையிலிருந்து அனுப்பிவைத்த 'எம்ப்ரஸ்'. இதுவும் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியதுதான். 1990-ல் அமெரிக்கர்களின் உல்லாசப் பயணத்துக்காகக் கடலில் இறங்கிய கப்பல். சூதாட்ட வசதி இருக்கிறது என்பதால் அந்த வருஷம் புதுச்சேரியில் அதற்கு அனுமதி கிடைக்காமல் பெரிய செய்தியாயிற்று. மனைவியும் மகளும் வற்புறுத்தியதால் நாங்களும் இரண்டு இரவு போய்வந்தோம். பதினொரு தட்டு, நீச்சல் குளம், நாடகம், வேளைக்கொரு வகை என்று சாப்பாடு. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணம் வாங்கினார்கள், அதற்கு ஈடாக உபசரித்தார்கள். என் மகள் வாய்விட்டுச் சிரித்ததை இரண்டு நாள் முழுதாகப் பார்த்தேன். அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். ஒரே ஒரு விசித்திரம்: அந்தக் கப்பலில் ஒருவரும் எங்கேயும் போகவில்லை. சென்னையில் ஏறி, கடலைச் சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறங்கினோம். வழியனுப்பவும் ஆள் இல்லை, வரவேற்கவும் ஆள் இல்லை.

ஊருக்கு வந்து படங்களைக் காட்டினேன். மாமா ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது சிதம்பரத்துக்கும் அப்பன்" என்று ஒப்புக்கொண்டார். மறுத்துப் பேசப் பெரியப்பா இல்லை, 2015-லேயே போய்விட்டார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எத்தனை பேரைத் தெரிஞ்சுக்கிட்டேடா?"

"ரெண்டு நாள்தானே அத்தை" என்றேன்.

"இந்தக் கப்பல் பினாங்கு போகுமா?"

"போகாது."

அப்போதுதான் அத்தை அந்தக் கதையைச் சொன்னார். 1961-ல் அண்ணன் சொன்னபடி சென்னையில் ஏறி நல்ல இடம் பிடித்து, பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாகையில் ஒரு பெண் ஏணி ஏறி வந்தாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை; உடம்பெல்லாம் உப்புத் தண்ணீர். இடம் தேடி இரண்டு முறை டெக்கைச் சுற்றிவந்தாள். எல்லாப் பெட்டிகளும் அசையாமல் இருந்தன. மூன்றாம் முறை வந்தபோது அத்தை பெட்டியை நகர்த்திவிட்டார். பாதிப் பாய் அவளுக்கு. பெரியப்பா இரண்டு நாள் தங்கையோடு பேசவில்லை. பினாங்கு போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் 'கப்பல் அக்கா' ஆகிவிட்டாள்.

1969-ல் அத்தையின் புருஷன் திடீரென்று காலமானார். அத்தைக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். ஊரிலிருந்து யாரும் உடனே போக முடியவில்லை. கடிதம் வந்து சேரவே நாளாயிற்று. கப்பல் அக்கா தன் வீட்டு முன்னறையைக் காலி செய்து, நான்கு வருஷம் மூன்று பேரையும் வைத்துக் காப்பாற்றினாள். கடைசியில் சிதம்பரத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பியதும் அவள்தான். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த நான்கு வருஷம் தெரியும். அது ஒரு டிரங்குப் பெட்டியை இரண்டடி நகர்த்தியதால் வந்தது என்பது மட்டும் எனக்கு அன்றுவரை தெரியாது.

2023-ல், எண்பதாவது வயதில், அத்தையை விமானத்தில் அழைத்துப்போனேன். கோலாலம்பூர் போய், அங்கிருந்து பினாங்கு. ராஜுலா எடுத்துக்கொண்ட நாட்களை மணிகளாக்கிவிட்டார்கள். பக்கத்து ஸீட்டில் இருந்தவர் புறப்பட்டதிலிருந்து இறங்கும்வரை காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அத்தை இரண்டு முறை அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு விட்டுவிட்டார்.

கப்பல் அக்காவுக்கு எண்பத்தைந்து இருக்கும். சக்கர நாற்காலி. பார்வை மங்கிவிட்டது. அத்தையின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

"உங்க அண்ணன் கோவம் தீர்ந்துதா?"

"அண்ணன் போய் எட்டு வருஷமாச்சு அக்கா."

கிழவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மூணாம் நாள் ராத்திரி எழுந்து வந்து, எம் புள்ளைக்குத் தன் போர்வையைப் போட்டுட்டுப் போனாரு. உங்கிட்டே சொல்ல வேண்டாம்னாரு" என்றார். அத்தை அறுபத்திரண்டு வருஷம் கழித்து அதைக் கேட்டு அழுதார். அன்று முழுவதும் நான் அவர்களுக்கு நடுவில் போகவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து மறுபடியும் கப்பல் விட ஆரம்பித்தது 2023 அக்டோபர் 14-ஆம் தேதி. காங்கேசன்துறைக்கு, 'செரியாபாணி' என்ற சின்னக் கப்பல். சில நாளிலேயே பருவமழை காரணமாக நின்றுபோய், 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற வேறு கப்பலோடு தொடர்ந்தது. அதிலும் ஒரு முறை போய்வந்தேன். நூற்றைம்பது பேர் உட்காரலாம். நாலு மணி நேரப் பிரயாணம். தட்டு இல்லை, பாய் இல்லை, இடம் பிடிக்கிற போட்டி இல்லை. ஆனால் என் முன்வரிசையில் ஓர் அம்மாள், கல்யாணப் பட்டுப் புடவைகளை மடியில் வைத்துக்கொண்டு, பெண் வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பக்கத்தில் இருந்த முகம் தெரியாதவளிடம் யோசனை கேட்டுக்கொண்டு வந்தார். இது போய்ச் சேரும் கப்பல் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

எந்தக் கப்பலில் போகலாம் என்று நண்பர்கள் இப்போது என்னைக் கேட்கிறார்கள். கேட்கும் அளவுக்கு எனக்கும் பெயர் வந்துவிட்டது. நீச்சல் குளம், சாப்பாடு, அறை எல்லாம் கம்பெனிக்காரர்களே சொல்லிவிடுவார்கள். நான் விசாரிப்பது ஒன்றுதான்: மிகக் குறைந்த டிக்கெட்காரனுக்கு அந்தக் கப்பலில் தண்ணீர் வருகிறதா, காற்று வருகிறதா, பக்கத்தில் ஆள் இருக்கிறதா? சிதம்பரம் அந்த டிக்கெட்காரனுக்குக் கட்டில் கொடுத்தது; அது பெரிய மரியாதை. மாமா சொன்னது சரிதான். ராஜுலா ஒன்றும் கொடுக்கவில்லை. ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டது. அதில் எத்தனையோ பேர் இடம் கிடைக்காமல் கீழ்த்தட்டில் வெந்திருப்பார்கள். எல்லாப் பெட்டியும் நகர்ந்துவிடவில்லை. அதனால் எனக்குக் கட்டிலும் வேண்டும், பக்கத்தில் ஆளும் வேண்டும். இரண்டும் சேர்ந்த கப்பல் ஒன்று சென்னையிலிருந்து பினாங்குக்குப் புறப்படுகிறது என்று எந்தக் கம்பெனியாவது அறிவித்தால், முதல் டிக்கெட் திண்டிவனத்தில் வாங்கப்படும். அத்தை பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டார். சின்னப் பெட்டிதான், நகர்த்துவதற்குச் சுலபமானது.