நிற்கும் மரத்தின் கணக்கு

சென்னை கிண்டிக் காட்டிற்குப் பலரும் புள்ளிமானையும் வெளிமானையும் காணவே செல்கின்றனர். என் கண்ணோ மரங்களின் அடித்தண்டில் நிலைக்கும். ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்காடு, 1978இல் தேசியப் பூங்காவானது.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். அது மண் தந்ததன்று. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து இலைகள் ஈர்த்தது. ஒரு கிலோ கார்பன் மரத்தில் தங்கினால், 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட்டு நீங்கியது என்று பொருள். தமிழ்ப் பாடத்தில் வேதியியலா என வியவாதீர். 44ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள். நகரின் வாகனப் புகை முழுவதையும் உட்கொள்ள அக்காட்டின் பரப்புப் போதாது என்பதும் உண்மையே.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வீழ்ந்த மரம் எரிந்தாலும் மட்கினாலும், அது சேர்த்த கார்பனில் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பும். புயலைத் தடுக்க இயலாது. சாலை விரிவாக்கத்திற்கென எழும் கோடரியைத் தடுக்க இயலும். ஒன்றை வெட்டினால் பத்து நடுவோம் என்னும் ஈட்டுறுதி எனக்கு நிறைவளிப்பதில்லை. 60 ஆண்டுகள் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் எடையை, விரலளவே பருத்த பத்துக் கன்றுகள் எட்டப் பல்லாண்டுகள் ஆகும். அதுவும் பத்தும் பிழைத்தால்.

எங்கள் தெருமுனையில் நிற்கும் அத்தகைய மரமொன்றில் இப்போது வெள்ளைச் சாயத்தால் எண் இட்டுள்ளனர். சென்ற வாரம் என் மாணவர்கள் மார்பளவு உயரத்தில் அதன் சுற்றளவை நூலால் அளந்தனர். அவ்வளவைக் குறிப்பிட்டே மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.