கடலில் பிறந்த மகள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழர் வழக்கம். கருவுற்ற மகளுக்கு ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்தித் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்வர். வங்காளத்திலும் கருவுற்ற பெண்ணுக்கு விருப்பமான உணவுகளைச் சமைத்துப் படைத்து வாழ்த்தும் 'ஷாத்' என்னும் விருந்து உண்டு. பவானிபூரிலும் லேக் மார்க்கெட் பகுதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், நிறைமாதம் நெருங்குமுன் மகளையோ மருமகளையோ ஹவுராவில் சென்னை மெயில் ஏற்றி ஊருக்கு அனுப்பும் வழக்கத்தைப் பலரும் அறிவர்.

இது வெறும் சடங்கு அன்று. முதல் குழந்தையைப் பெறப்போகும் பெண்ணுக்கு அச்சம் மிகுதி. அவ்வச்சத்தைத் தணிக்க அனுபவம் உள்ள கைகள் வேண்டும். காலம் அறிந்து ஊட்ட ஒருவர் வேண்டும். அசையாத தரையும் ஒழுகாத கூரையும் வேண்டும். இவை அனைத்தையும் சேர்த்துத்தான் தமிழ் 'தாய்வீடு' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. அந்த வீடு ஒரு பெருங்கடலுக்கு அப்பால் இருந்தால் என்ன ஆகும்? 1812ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்கு வந்து சேர்ந்த இளந்தம்பதியர் இருவரின் வரலாறு இவ்வினாவிற்கு விடை கூறுகிறது.

ஹாரியட் அட்வுட் 1793ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹேவர்ஹில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தவர். பிராட்ஃபோர்டு ஊர்ப் பள்ளியில் பயின்றபோது ஆழ்ந்த இறைப்பற்று உடையவரானார். கீழைநாடுகளுக்குச் சென்று கிறித்தவ நற்செய்தியைப் பரப்ப விரும்பிய சாமுவேல் நியூவெல் என்னும் இளைஞர் அவரை மணம்புரியக் கேட்டார். மணந்தால் தாயையும் உடன்பிறந்தாரையும் மீண்டும் காண்பது அரிது என்பதை ஹாரியட் நன்கு அறிந்திருந்தார். தாயின் சம்மதத்தைப் பெற்ற பின்னரே அவர் உடன்பட்டார். 1812ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் திருமணம் நடந்தது. பத்தாம் நாளில் கப்பல் புறப்பட்டது. அப்பொழுது மணமகளின் அகவை பதினெட்டு.

'கேரவன்' என்னும் அக்கப்பலில் மற்றோர் இளந்தம்பதியரும் இருந்தனர். ஒருவர் ஹாரியட்டின் பள்ளித்தோழியான ஆன். மற்றவர் அவருடைய கணவர் அடோனிராம் ஜட்சன். அவர்களுக்கும் திருமணம் நடந்து இரண்டு கிழமைகளே ஆகியிருந்தன. சேலம் என்னும் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து பிப்ரவரி 19ஆம் நாள் புறப்பட்ட கப்பல், ஜூன் மாதத்தின் இடையில் ஹூக்ளி ஆற்றின் வழியே கல்கத்தாவை அடைந்தது. நான்கு திங்கள் கடல்வழி! ஒரு மடல் சென்று மறுமடல் வருவதற்கு எட்டுத் திங்களேனும் ஆகும். தாய்வீடு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை இக்கணக்கே காட்டும்.

நெடிய பயணம் அவர்களுடைய இல்லறத்தின் முதல் பள்ளியாக அமைந்தது. காலையும் மாலையும் தொழுகை, திருமறை வாசிப்பு, நாட்குறிப்பு எழுதுதல் என நாள்கள் கழிந்தன. ஜட்சன் பயணத்தின்போது ஒரு வினாவை ஆராயத் தொடங்கினார். சிறு குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பது பொருந்துமா, அல்லது வளர்ந்து தாமே நம்பிக்கையை ஏற்றவர்க்கு மட்டும் அதனை அளிக்க வேண்டுமா என்பதே அவ்வினா. கணவரின் மனம் மாறுவதைக் கண்ட ஆன் முதலில் அதனை எதிர்த்தார். பின்னர்த் தாமே நூல்களைப் படித்து, ஆராய்ந்து, கணவரின் முடிவிற்கு வந்தார். அம்முடிவு எளிதானது அன்று. தங்களை அனுப்பிய சபையின் பொருளுதவியை அதனால் துறக்க நேர்ந்தது. நியூவெல் தம்பதியரோ தம் பழைய கொள்கையிலேயே நின்றனர். கொள்கை வேறுபட்ட போதிலும் தோழியர் இருவரின் அன்பு குறையவில்லை.

கல்கத்தாவில் வில்லியம் கேரி அவர்களை வரவேற்றார். ஆற்றின் மேற்கரையில் உள்ள ஸ்ரீராம்பூருக்கு அழைத்துச் சென்று விருந்தோம்பினார். ஆயினும் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, சமயப் பணியாளர்கள் தன் ஆட்சிப் பகுதியில் தங்குவதை விரும்பவில்லை. 1806ஆம் ஆண்டில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது அதற்கு நினைவிருந்தது. மக்களின் சமய உணர்வு புண்பட்டால் ஆட்சிக்கும் வணிகத்திற்கும் கேடு வரும் என்று அது அஞ்சியது. ஆகவே வந்தவர்கள் உடனே நாடு திரும்ப வேண்டும் என்று ஆணை பிறந்தது. பலமுறை வேண்டிய பின், கம்பெனியின் ஆட்சிக்கு உட்படாத மொரிசியசுத் தீவிற்குச் செல்ல இசைவு கிடைத்தது.

அத்தீவிற்குப் புறப்பட ஒரு கப்பல் ஆயத்தமாக நின்றது. அதில் இருவர்க்கு மட்டுமே இடம் இருந்தது. யார் செல்வது? அப்பொழுது ஹாரியட் கருவுற்றிருந்தார். குழந்தை பிறக்குமுன் அவர் ஓரிடத்தில் நிலையாகத் தங்க வேண்டும். ஆதலால் அந்த இடத்தை நியூவெல் தம்பதியர்க்கே விட்டுக்கொடுத்தனர். ஆகஸ்டு 4ஆம் நாள் 'கில்லெஸ்பி' என்னும் அக்கப்பல் புறப்பட்டது. அன்பினால் எடுத்த முடிவு அது. ஆனால் வங்கக்கடல் அன்பை அறியாது.

புயற்காற்றும் எதிர்காற்றும் கப்பலை அலைக்கழித்தன. கப்பலின் அடித்தளத்தில் நீர் கசிந்தது. கோதாவரி ஆறு கடலொடு கலக்கும் இடத்திற்கு அருகிலுள்ள கோரிங்காத் துறையில் ஒதுங்கி அதனைச் செப்பனிட வேண்டியதாயிற்று. அங்கே ஹாரியட் காய்ச்சலில் விழுந்தார். செப்டம்பரில் கப்பல் மீண்டும் கடலில் இறங்கியது. தீவை அடைய மூன்று கிழமைகள் எஞ்சியிருந்தபோது, அக்டோபர் மாதத்தில், கப்பலின் சிற்றறையில் ஹாரியட் ஒரு பெண்மகவை ஈன்றெடுத்தார். மருத்துவச்சி இல்லை, தாய் இல்லை, தோழியும் இல்லை. கணவர் ஒருவரே அருகிருந்து எல்லாப் பணிகளையும் செய்தார்.

குழந்தை நலமாகவே பிறந்தது. நான்காம் நாள் காற்றும் மழையும் கடுமையாயின. பச்சிளங்குழந்தையைக் குளிர் பற்றியது. மறுநாள் மாலை அது உயிர் நீத்தது. இறக்குமுன் பெற்றோர் தம் கொள்கைப்படி அதற்குத் திருமுழுக்கு அளித்தனர். தாய்மண்ணையும் காணாது, வந்த மண்ணையும் காணாது, ஐந்து நாள் மட்டுமே வாழ்ந்த மகள் அவள்.

குளிரும் நனைவும் தாயையும் விடவில்லை. மொரிசியசின் துறைமுகமான போர்ட் லூயியை அடைந்தபோது ஹாரியட்டை என்புருக்கி நோய் பற்றியிருந்தது. அங்கே ஒரு சிறு வீட்டில் அவர் தங்கினார். அசையாத தரை அப்பொழுதுதான் கிடைத்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. 1812ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். பத்தொன்பது வயது நிறைந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. டிசம்பர் மாதத்தில் சாமுவேல் தம் மாமியார்க்கு ஒரு மடல் எழுதினார். மகளை அனுப்பிவைத்த தாய்க்கு அவள் மறைவையும், காணாத பேத்தியின் மறைவையும் ஒரே மடலில் எழுத வேண்டிய நிலை. வீட்டை விட்டு வந்ததற்குத் தாம் ஒருபோதும் வருந்தவில்லை என்று தாயிடம் சொல்லுமாறு ஹாரியட் கூறிய செய்தியும் அதில் இருந்தது.

பின்தங்கிய ஜட்சன் தம்பதியர் 1813ஆம் ஆண்டு சனவரியில் போர்ட் லூயியை அடைந்தனர். தோழி இருப்பாள் என்று கரையிறங்கிய ஆனுக்கு அவள் இறந்த செய்தியே கிடைத்தது. அங்கிருந்து அவர்கள் ஜூன் மாதத்தில் சென்னைக்கு வந்தனர். அங்கே லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த லவ்லெஸ் தம்பதியர் அவர்களை அன்புடன் ஏற்றனர். ஆனால் சென்னையும் கம்பெனியின் ஊர்தான். இம்முறை கருவுற்றிருந்தவர் ஆன். துறைமுகத்தில் அப்போதைக்குப் புறப்படவிருந்தது இரங்கூன் செல்லும் ஒரு பழங்கப்பல். துணைக்கென அமர்த்தப்பட்ட செவிலிப்பெண் கப்பலேறிய சில மணி நேரத்திலேயே விழுந்து இறந்துபோனார். அதிர்ச்சியுற்ற ஆனுக்குக் கடல்வழியிலேயே குழந்தை இறந்து பிறந்தது. ஜூலை 13ஆம் நாள் வெறுங்கையுடன் அவர்கள் பர்மாவில் இறங்கினர். ஓராண்டிற்குள் இரு தோழியரின் தலைக்குழந்தைகளையும் ஒரே கடற்பரப்பு வாங்கிக்கொண்டது.

இவர்களுடைய நம்பிக்கை இவர்களைக் காக்கவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். துன்பம் வாராமல் தடுப்பது ஒன்று. வந்த துன்பத்தில் மனம் உடையாமல் நிறுத்துவது மற்றொன்று. அவர்கள் தம் நம்பிக்கையிடம் பெற்றது இரண்டாவதையே. கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் குறைகூறாது, ஒருவர்க்கொருவர் தாயாகவும் செவிலியாகவும் நின்றனர். ஆனால் நம்பிக்கை எத்துணை வலியதாயினும் அது கூரையாகாது. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஓரிடம் வேண்டும். அவ்விடத்தை மனிதர்தாம் தர வேண்டும். சட்டந்தான் தர வேண்டும்.

அந்தச் சட்டம் விரைவிலேயே மாறியது. 1813ஆம் ஆண்டில் கம்பெனியின் பட்டயம் புதுப்பிக்கப்பட்டபோது, உரிமம் பெற்ற சமயப் பணியாளர்கள் இந்தியாவில் தங்குவதற்கு வழி திறந்தது. அவ்வாறு வங்காளத்தில் தங்கியவர்களுள் லக்ருவா தம்பதியரும் அடங்குவர். 1826ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஹன்னா கேத்தரின் என்பது அவள் பெயர். அவளுக்குக் காலடியில் மண் இருந்தது. வீட்டுப் பணியாளர்களிடம் பேசிப் பேசியே வங்காளத்தைத் தாய்மொழிபோல் கற்றாள். பன்னிரண்டாம் வயதிலேயே சிறுமியர்க்கு வங்காளத்தில் கற்பிக்கத் தொடங்கினாள். 1845ஆம் ஆண்டில் ஜோசப் முல்லன்சை மணந்து பவானிபூரில் இல்லறம் நடத்தினார். பெண்களின் கல்விக்கு உழைத்தார். 1852ஆம் ஆண்டில் அவர் எழுதிய 'பூல்மணியும் கருணாவும்' பற்றிய உரைநடைக் கதை, வங்காளக் கிறித்தவக் குடும்பங்களின் வீட்டு வாழ்வைக் கூறுவது. ஆங்கிலக் கதையொன்றைத் தழுவியதாயினும், வங்காள நாவலின் தொடக்கங்களுள் ஒன்றாக அதனை எண்ணுவோர் உளர்.

மனைவியையும் மகளையும் இழந்த சாமுவேலும் வாளாவிருக்கவில்லை. 1813ஆம் ஆண்டில் அவர் இலங்கைக்குச் சென்றார். இலங்கை அப்பொழுது கம்பெனியின் கீழ் இல்லாமல் ஆங்கில அரசரின் நேரடி ஆட்சியில் இருந்தமையால் அவருக்குத் தடை ஏற்படவில்லை. அமெரிக்கப் பணியாளர்க்கு ஏற்ற இடம் யாழ்ப்பாணம் என்று அவர் தம் சபைக்குப் பரிந்துரைத்தார். 1816இல் வந்த குழுவினர் அங்குப் பள்ளிகளை நிறுவினர். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்களுள் ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான அவரே, 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சிற்கு ஏற்றித் தமிழுக்குத் தந்தவர்.

சாமுவேல் 1821ஆம் ஆண்டில் பம்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார். தாம் காட்டிய இடத்தில் எழுந்த பள்ளிகளில் எத்தனை குழந்தைகள் எழுத்தறியப் போகின்றனர் என்பது அவருக்குத் தெரியாது. ஐந்து நாள் வாழ்ந்த அவருடைய மகளுக்கு எந்த மண்ணிலும் கல்லறை இல்லை.