பக்கத்து அறை

திரைப்படம் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. ஐம்பது வயதைக் கடந்தபின் அதைத் தொடங்குவோம் என்று எண்ணியதும் இல்லை. ஆயினும் சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, ஓசூர்த் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் நம் மகன் கைப்பேசியை நம் முன் நிறுத்தி, "வாப்பா, இதைக் கொஞ்சம் பாருங்கள்; பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுகிறேன்" என்றான்.

மலையாளப் படம். 2018ஆம் ஆண்டு ஸக்கரிய்யா என்பவர் இயக்கிய 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'. அரைமணி நேரம் பொறுத்திருந்து, "கதை எப்போது தொடங்கும்?" என்று கேட்டோம். "தொடங்கி அரைமணி ஆகிவிட்டது வாப்பா" என்றான்.

மொழி நமக்கு இடராக இல்லை. வேலூர் பாக்கியாத்தில் ஓதிய காலத்தில் நம் அறைத்தோழர் இருவர் மலப்புறத்துக்காரர். உம்மா என்று தொடங்கும் அவர்களுடைய கடிதங்களைக் கேட்டே அம்மொழி பழகினோம். நம் தென்கடற்கரை ஊர்களிலும் உம்மா உம்மாதானே!

கதை என்று பார்த்தால் மிகச் சிறியது. எழுவர் கால்பந்தாட்டக் குழுவொன்றை நடத்தும் மஜீத், அதில் ஆட வந்த நைஜீரிய இளைஞன் சாமுவேல் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொள்ளவே, மருத்துவமனைச் செலவு தாங்காமல் தன் வீட்டுக்கே அழைத்துவருகிறான். மஜீதின் தாய் ஜமீலாவும், பக்கத்து வீட்டு பீயும்மாவும் அவனைப் பேணுகிறார்கள். அவர்களுக்கு அவன் மொழி தெரியாது; அவனுக்கு அவர்கள் மொழி தெரியாது. சாவித்திரி ஸ்ரீதரன், சரசா பாலுச்சேரி என்ற அவ்விரு நடிகையரும் நாடக மேடையிலிருந்து வந்தவர்களாம். நமக்கோ நம் ஊர்ப் பெரியம்மாக்களைப் பார்ப்பது போலிருந்தது.

ஜமீலா மறுமணம் செய்துகொண்டவர். அந்தக் கணவரை மஜீத் தந்தையாக ஏற்பதில்லை. அம்முதியவர் சாமுவேலின் கட்டிலருகே வந்து, தமக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லால், தாம் மஜீதின் 'ஃபாதர்' என்று சொல்லிக்கொள்கிறார். பெற்றவனென்று சொல்லவில்லை, வளர்த்தவனென்று சொல்லவும் வாய்ப்பில்லை. மகன் தராத பெயரை ஓர் அந்நியனிடம் சொல்லிப் பார்க்கிறார், அவ்வளவே. அதில் நடித்த கே.டி.சி. அப்துல்லா, படம் வெளிவந்த அதே ஆண்டில் காலமானார் என்று மகன் சொன்னான். அந்தக் காட்சியை மீண்டும் காட்டச் சொன்னோம்.

இத்தனை மெதுவாகப் போகும் படத்தில் உனக்கு என்ன இருக்கிறது என்று அவனைக் கேட்டோம். "கம்பெனியில் எங்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் வினாடிக் கணக்கு. இதிலே ஒருவருக்கு ஒருவர் சோறு பரிமாறுவதை முழுசாகப் பார்க்கலாம்" என்றான். மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை. ஓசூரே ஷிப்டு மணிக்கு நடக்கும் ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழி பேசியும், நின்று பேச நேரமில்லாத ஊர். விடியற்காலைக் குளிரில் அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வரும் பேருந்துகளில் பாதிப்பேர் உறங்கிக்கொண்டே வருவதைக் காணலாம்.

படம் முடிந்தபின் உறக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லத்தான் இதனை எழுத நேர்ந்தது.

மத்திகிரியில் நாம் குடியிருக்கும் வரிசை வீடுகளில், நமக்கு அடுத்த அறையில் ஒடிசாவைச் சேர்ந்த இளைஞர் மூவர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டுடன் படுத்திருந்தான். மற்ற இருவரும் வேலைக்குப் போய்விடுவர். சுபுஹுத் தொழுகைக்குப் போகையில் திறந்த கதவின் வழியே அவனைக் காண்போம், கையை உயர்த்துவோம், நடந்துவிடுவோம். அதே நாட்களில்தான் மத்ரஸாவில் அயலார் உரிமை பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். தமக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அண்ணலார் (ஸல்) அவர்கள் நேரில் சென்று பார்த்த செய்தி புகாரியில் உள்ளது. முப்பதாண்டுகளாக அதன் அரபு மூலத்தை வரி பிசகாமல் ஓதிக் கொடுத்துவருகிறோம். பக்கத்து அறைக்கோ பத்து அடி தூரந்தான்.

காலையில் வீட்டாரிடம், சற்றே தயங்கி, "அந்தப் பையனுக்குக் கொஞ்சம் கஞ்சி கொடுத்தனுப்பலாமே" என்றோம்.

அவர் அடுப்பிலிருந்து திரும்பவேயில்லை. "பதினோரு நாளாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் தூக்குவாளியைக் காணோம் என்று தேடினீர்களே, அது அங்கேதான் இருக்கிறது."

அன்றைய கஞ்சியை வேறொரு பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு நாமே சென்றோம். அவன் பதறி எழ முயன்றான். இருக்கச் சொல்லிக் கையமர்த்தினோம். ஒரியா நமக்குத் தெரியாது. நம்முடைய உருது அவனுக்கு எட்டவில்லை. சற்று நேரம் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் நமக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்து, "அம்மா?" என்றான்.

பிறகு வருவார் என்று கையால் காட்டிவிட்டு, மூடியைத் திறந்து வைத்தோம்.