மூணு நிமிஷம் பதினாலு செகண்ட்!

ஒரு மனுஷனோட தூக்கத்தைக் கெடுக்க எத்தனை நேரம் தேவை? நாலே நாலு செகண்ட் போதும் பாஸ்! நம்பலைன்னா என் கதையைக் கேளுங்க.

மதுரையில் ஒரு ட்யூஷன் சென்டரின் மொட்டை மாடி. மாதத்தின் கடைசி ஞாயிறு சாயங்காலம் அங்கே கூடுவோம். ஐம்பது பிளாஸ்டிக் சேர், ஒரு மைக், நினைத்தபோதெல்லாம் 'கொய்ங்ங்' என்று அலறும் ஒரு ஸ்பீக்கர், கீழ்க்கடையில் இருந்து மேலே ஏறி வரும் பஜ்ஜி வாசனை. நாங்கள் நடத்துவது 'பொயட்ரி ஸ்லாம்'. அட, தமிழில்தாங்க! பேப்பரைப் பார்த்து முணுமுணுப்பதெல்லாம் இங்கே செல்லாது. எழுதியதை மனப்பாடம் செய்து, குரலும் கையும் காலுமாக நிகழ்த்திக் காட்ட வேண்டும்.

கூட்டத்தில் இருந்தே ஐந்து பேரைப் பிடித்து நடுவராக உட்கார வைப்போம். தமிழ் இலக்கியம் படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. பஜ்ஜி வாசனையில் மயங்கி, தப்பான மாடி ஏறியவர்கூட நடுவர் ஆகலாம். ஆளுக்குப் பத்துக்கு மார்க் போடுவார்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் அடித்துவிட்டு, மிச்சம் மூன்றைக் கூட்டினால் முப்பதுக்கு இவ்வளவு. நேரம் மூன்றே நிமிடம். பத்து செகண்ட் சலுகை உண்டு. அதையும் தாண்டினால், ஒவ்வொரு பத்து செகண்டுக்கும் அரை மார்க் 'கட்'!

இதெல்லாம் எங்கள் மூளையில் உதித்ததில்லை. கட்டட வேலை பார்த்த மார்க் ஸ்மித் என்கிற கவிஞர், 1986-ல் சிகாகோவின் 'கிரீன் மில்' கிளப்பில் ஞாயிறு இரவுகளில் நடத்த ஆரம்பித்தது. கவிதை வாசிப்பு என்றாலே கொட்டாவி விடும் கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைக்கத்தான் இந்த மார்க் விளையாட்டு. மார்க் வெறும் தூண்டில், கவிதைதான் மீன். ஆனா, தூண்டில் முள் கையில குத்தினா ரத்தம் வருமே சார்!

அந்த முள்ளைப் பிடித்திருந்தவன் அடியேன்தான். ஸ்டாப் வாட்ச் ஆசாமி.

அந்த ஞாயிறு ஜெயிப்பவருக்கு, சென்னையில் நடக்க இருந்த ஒரு போட்டி மேடைக்குப் போகும் வாய்ப்பு. மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். மேலூர்ப் பக்கத்தில் இருந்து பஸ் ஏறி வரும் ஒரு நர்சிங் ஸ்டூடன்ட், ஆறாவதாக மேடைக்கு வந்தாள். பூக்கட்டி விற்கிற அம்மாவைப் பற்றிய கவிதை. ஊர்த் தலைக்கெல்லாம் மல்லிகை கட்டுகிற அம்மா, அப்பா செத்த நாளில் இருந்து ஒரு கிள்ளு பூகூட வைத்துக்கொள்வதில்லை என்று அவள் சொன்ன இடத்தில், மாடியே எழுந்து கைதட்டியது. தட்டல் ஓயட்டும் என்று அவள் நின்றாள். வாட்ச் நிற்குமா? முடிக்கும்போது 3 நிமிஷம் 14 செகண்ட்.

கூட்டிப் பார்த்தால் 26.7. நான் மைக்கை வாங்கி, "டைம் பெனால்ட்டி... மைனஸ் பாயின்ட் ஃபைவ்" என்றேன். 26.2. அன்றைக்கு முதலிடம் 26.5.

அவள் எதுவும் பேசவில்லை. பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், போய்விட்டாள். மற்றவர்கள்தான் பேசினார்கள். அதுவும் வாட்ஸ்அப்பில்! இரவு பத்து மணிக்கு ஆரம்பித்த சண்டை, ஒரு மணி வரைக்கும் போச்சு. 'கைதட்டினது அவ தப்பா?'ன்னு ஒரு கோஷ்டி. 'ரூல்னா ரூல்தான்'னு ஒரு கோஷ்டி. சம்பந்தமே இல்லாமல் ஒருத்தன், போன வருஷம் தனக்குக் கிடைக்காத சர்ட்டிஃபிகேட்டைப் பற்றிப் புலம்பினான். (எல்லா குரூப்லயும் இப்படி ஒருத்தன் இருக்கான்ல?) நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? சிகாகோவில் இருந்து ஆரம்பித்து, விதிகளை வரிசையாக டைப் செய்து, மூன்று ஸ்க்ரீன் நீளத்துக்கு அனுப்பினேன். மனசுக்குள்ளே நான்தான் நக்கீரர்! சும்மாவா, தருமி கொண்டுவந்த பாட்டில் குற்றம் கண்டுபிடித்த ஊராச்சே!

விடியும்போது பதினோரு பேர் 'லெஃப்ட்'.

அடுத்த மாதம் ஐம்பது சேரில் உட்கார ஒன்பது பேர்தான் வந்தார்கள். ட்யூஷன் சென்டர் ஓனர் மேலே வந்து எட்டிப் பார்த்து, "ஒம்போது பேருக்கு எதுக்குப்பா மாடி?" என்று கேட்டார். அதற்கு அடுத்த மாதத்தில் இருந்து அங்கே அபாகஸ் கிளாஸ். எங்கள் ஸ்பீக்கர் என் ரூம் கட்டிலுக்கு அடியில் படுத்தது.

எங்கள் கூட்டத்துக்கே மூத்தவர், பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. அதட்டிப் பேசவே மாட்டார். ஒருநாள் டீக்கடையில் சாதாரணமாகக் கேட்டார்... "ரூலையெல்லாம் அனுப்பினியே தம்பி, அதுக்கு முந்தின மாச வீடியோவை அனுப்பினியா?"

டீ தொண்டையிலேயே நின்றது.

முந்தின மாதம் சென்னை மேடைக்கான முதல் இடத்தை ஜெயித்தவன் என் ரூம்மேட். ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போடுகிற சிநேகம். அன்றைக்கு அவன் முடித்தபோது வாட்ச்சில் 3.17. "டைம் ஓகே" என்று சொல்லிவிட்டு வாட்ச்சை அழுத்தி அழித்தேன். அரை மார்க் வெட்டியிருந்தாலும் அவன்தான் முதல். அப்புறம் எதுக்கு வெட்டி, அவன் மூஞ்சியை ஞாயித்துக்கிழமை ராத்திரி பூரா பார்க்கணும்? இதுதான் என் கணக்கு. சிவனே எழுதிக் கொடுத்த பாட்டென்று தெரிந்தும் நக்கீரர் சலுகை காட்டவில்லை. நான் ரூம்மேட்டுக்கே காட்டிவிட்டேன்!

அந்த வீடியோ நிறையப் பேர் செல்போனில் இருந்தது. அவள் செல்போனிலும்.

மெசேஜில் ஸாரி டைப் செய்து, அழித்து, டைப் செய்து... சரிப்படவில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில், மேலூர் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. 'இவனா?' என்கிற ஒரு சலிப்பு, அவ்வளவுதான்.

ஸாரி சொன்னேன். அதோடு வாயை மூடியிருந்தால் நான் நல்லவன். "இல்லம்மா... அவனுக்கு வெட்டியிருந்தாலும் அவன்தான் ஃபர்ஸ்ட்டு..." என்று இழுத்தேன்.

"அப்ப வெட்டியிருக்கலாம்லண்ணே?"

நாலு வருஷமா கவிதை எழுதுறேன். இதுக்குப் பதில் எழுத எனக்கு ஒரு வரி வரலை.

"எனக்கு ரூல் தெரியும்ணே. வீட்ல அம்மா வாட்ச்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். ரெண்டு அம்பத்தஞ்சுக்குள்ள முடிச்சிருவேன். அன்னிக்கு அத்தனை பேரு தட்டுவாங்கன்னு தெரியல. மார்க் போனதுகூடப் பரவால்ல. ஒங்க ஆளுக்கு ஒண்ணு, மேலூர்க்காரிக்கு ஒண்ணாண்ணே?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். 'பரவால்லண்ணே, விடுங்க' என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்பது, பஸ் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

குரூப்பில் அன்றைக்கே எழுதினேன். இந்த முறை சிகாகோ இல்லை, மார்க் ஸ்மித் இல்லை. 'போன ரெண்டு மாசத்துல ஒருத்தருக்கு நான் நேரத்தை மறைச்சேன், இன்னொருத்தருக்கு வெட்டினேன். தப்பு என்னோடது.' அவ்வளவுதான். ரூம்மேட் படித்துவிட்டு, "ஊர் முன்னால என்னைக் கள்ளனாக்கிட்டியே மாப்ள" என்றான். நியாயம்தான். அவன் கேட்டா நான் மறைத்தேன்? பத்து நாள் அவன் தனியாகச் சமைத்தான், நான் தனியாகப் பட்டினி கிடந்தேன்.

பெரிய சமாதான மாநாடெல்லாம் நடக்கவில்லை. அக்கா சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக மாற்றினோம். இப்போது வாட்ச் பிடிப்பது இரண்டு பேர். அன்றைக்குப் போட்டியில் தன் சிநேகிதர் இருந்தால் வாட்ச்சைத் தொடக் கூடாது. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும், எல்லோருடைய நேரத்தையும் மைக்கில் சொல்லியாக வேண்டும். நேரம் ஆக ஆக நடுவர்களின் கை தாராளமாகும். கடைசியில் வருபவனுக்குக் கொஞ்சம் யோகம், முதலில் வருபவன் பாவம்! அதனால் வரிசையைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறோம். போட்டியில் இல்லாத ஒருத்தரை முதலில் பேசவிட்டு, நடுவர்களின் கையைப் பழக்குகிறோம். ஸ்லாம் பாஷையில் அவருக்குப் 'பலிக் கவிஞர்' என்றே பெயர்! புகார் இருந்தால், சேரை மடக்குவதற்கு முன்னால் நேருக்கு நேர் கத்திவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் மார்க் பேச்சு மூச்!

மாடி திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு நண்பனின் அப்பா வைத்திருக்கும் டூவீலர் ஒர்க் ஷாப், ஞாயிறு லீவு. ஆயில் வாசனையில் நடத்துகிறோம். இருபது பேர் வருகிறார்கள். போன பதினோரு பேரில் நாலு பேர் திரும்பவே இல்லை. அந்த வருஷச் சென்னை மேடையும் போனது போனதுதான். அதை யாராலும் அவளுக்குத் திருப்பித் தர முடியவில்லை.

மூன்றாவது மாதம் அவள் வந்தாள். அக்காதான் போய்க் கூப்பிட்டிருக்கிறார். "பேசுறியாம்மா?" என்று கேட்டதற்கு, "இல்லக்கா, இன்னிக்கு வாட்ச்" என்று சொல்லி ஸ்டாப் வாட்ச்சை வாங்கிக்கொண்டாள்.

எனக்குச் சீட்டில் விழுந்தது ஏழாவது இடம். வாட்ச் இல்லாமல் மேடையேறி ரொம்ப நாளாச்சு. நல்லாத்தான் போச்சு. நடுவில் ஓர் இடத்தில் நாலு பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள். முடித்ததும் அவள் பக்கத்தில் இருந்தவரின் வாட்ச்சோடு தன்னுடையதை ஒப்பிட்டுப் பார்த்தாள். மைக்கை வாங்கினாள்.

"மூணு பதிமூணு. மைனஸ் பாயின்ட் ஃபைவ்."

சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். ஆனால், சேரில் உட்கார்ந்ததும் மனசுக்குள் ஒரு குரல்... 'கைதட்டினாங்கள்ல, அந்த மூணு செகண்டைக் கழிச்சிருக்கலாம்ல?'